சாம்பார் வாளி

தேரடித் தெரு ஸ்டுடியோவின் கணினித் திரையில், கல்யாண வீடியோவை நிறுத்திப் பிடித்ததில் இருசம்மாளின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கிறது. மகன் கல்யாணத்தின் மூன்று மணி நேர கேசட்டில் அவள் வருவது இரண்டே நொடி. கையில் சாம்பார் வாளி. நாளைக்கு அவளுக்குக் கருமாதி. மாலை போட வேறு படம் இல்லை. ஸ்டுடியோக்காரன் புகழேந்தி மவுஸை நகர்த்த நகர்த்த முகம் தெளிகிறது, வெளுக்கிறது. வாளி மறைகிறது. நைந்த சேலை பட்டாகிறது. வெளியே பஸ் ஹாரனில் கண்ணாடிக் கதவு அதிர்கிறது. மகள் வள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறாள். “அம்மா நெத்தியில பச்ச குத்தியிருந்துச்சே, எங்க?” புகழேந்தி திரும்புகிறான். “வீடியோ புள்ளினு அழிச்சிட்டேன்க்கா.” செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல், “கலரா நல்லாத்தான கீது, வுடு வள்ளி,” என்கிறான் அண்ணன் ஏழுமலை. “உனுக்கு நல்லாத்தான் இருக்கும். தாலியறுத்தவ மேடையேறக் கூடாதுனு பெத்தவள பந்தியில நிறுத்துனவன்தான நீ!” அவள் விரல் திரையில், பச்சை இருந்த இடத்தை அழுத்துகிறது. “தம்பி, மொதல்ல இத வை. அப்புறம் அந்த வாளியையும் வை. நாளைக்கு வர்ற சனம் எல்லாம் பாக்கட்டும்.”