சாவி வைத்துவிட்டுப் பேசவும்

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். அதுதான் பைக் சங்கத்தின் விதி.

ஞாயிறு காலை, பேக்கரி மாடியில், ஆறு சாவிகள் ஏற்கெனவே வரிசையாகப் படுத்திருந்தன. என்னுடையது பாக்கெட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

வண்டியைப் பக்கத்துத் தெருவில் விட்டிருந்தேன். முன்வாசலைப் பெரிய வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முதல் நாளே அவற்றோடு உரச வேண்டாமென்று பட்டது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாரத்தில் ஆறு நாள், ஆட்கள் இறங்கிப்போன கூண்டுக்குள் தனியாக நிற்பது என் வேலை. ஏழாவது நாள் நிற்பதற்குக் கூண்டும் கிடையாது.

போன ஞாயிறு முழுக்க நான் வாய்திறந்து சொன்னது இரண்டே வார்த்தை: “பை வேண்டாம்.”

அதனால்தான் உதிரிபாகக் கடையில் ஒட்டியிருந்த சங்கத்துத் தாளைப் பார்த்ததும் வந்துவிட்டேன். என்ன பேசுவது என்று வியாழக்கிழமையிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை.

இங்கே பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஓட்டுவது, ஓட்டியது, விற்றது, விற்றதற்கு அழுதது.

பல் டாக்டர் பதினான்கு வண்டிகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தோல் ஜாக்கெட்டும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தார். மலைகளைப் பற்றி நிறையச் சொன்னார். எல்லாமே அடுத்த வருடம் அவர் போகவிருக்கும் மலைகள்.

மருந்துக்கடைக்காரர் வண்டியை மழையில் எடுப்பதில்லை. வெயிலிலும் எடுப்பதில்லை. புழுதி அதற்கு ஆகாது. அவர் அதைப் பற்றிப் பேசிய மரியாதையில் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது.

பிறகு தலைவர்.

எழுபது வயதிருக்கும். முதலில் வருகிறவர் அவர்தான். கடைசியில் போகிறவரும் அவர்தான். பக்கத்துத் தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலி அவருடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிட முடியாது. அவர் சாவியை வைத்த தோரணையில் மேசையே சற்று நிமிர்ந்துகொண்டது போலிருந்தது.

“நான் ஒரே வண்டிக்காரன். நாப்பத்தோரு வருஷம். இன்னிக்கும் ஒரே உதைதான்.”

டாங்கில் இடப்பக்கம் உள்ளங்கை அளவு ஒரு நசுங்கல் இருக்கிறதாம். மகன் பத்து வயதில் ஸ்டாண்டை எடுத்துப் பார்த்து, வண்டியோடு சாய்ந்த அன்று விழுந்ததாம். அதைத் தட்டி எடுக்க இவருக்கு மனசு வரவில்லையாம். மாதம் தவறாமல் கார்புரேட்டரைத் தன் கையால்தான் சுத்தம் செய்கிறாராம். இதையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார். பெரிய மனிதர்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வண்டியை இவர்களில் யாரும் பார்த்து ஒரு வருடம் ஆகிறது என்று மருந்துக்கடைக்காரர் என் காதோடு சொன்னார். கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லையாம்.

தலைவருடைய சாவியின் கழுத்தில் நான்கு எண்கள் பொறித்திருந்தன. அவற்றை இரண்டு தடவை படித்தேன்.

என் முறை வந்தது.

“சாவிய வைங்க,” என்றார் பல் டாக்டர்.

“கொண்டு வரலை. பஸ்ல வந்தேன்.”

“பஸ்ஸு எத்தனை சிசி?”

எட்டுப் பேர் சிரித்தார்கள்.

சாவி இல்லாதவன் பேசக் கூடாது. பேசாதவன் சங்கத்தில் சேர முடியாது. மருந்துக்கடைக்காரர் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தேவிட்டார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

“உக்காரட்டும்பா,” என்றார் தலைவர். “அவருக்கு ஒரு காபி சொல்லுங்க.”

ஓட்டியதும் இல்லாதவனாக, விற்றதும் இல்லாதவனாக அரைமணி நேரம் உட்கார்ந்து அதைக் குடித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று ஒருவர் கேட்டார். கிடைத்தது என்றேன். ஜன்னல் ஓரமா என்றார். ஆமாம் என்றேன். மோசமில்லை, வார்த்தைகள் சேர்ந்துகொண்டுதான் இருந்தன.

கலையும்போது தலைவர் என்னோடு படிக்கட்டு வரை வந்தார்.

“வர்ற ஞாயிறும் வாங்க தம்பி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பஸ்லயே வாங்க.”

எல்லோரும் வாசலில் நின்றதால் நிஜமாகவே பஸ் ஏற வேண்டியதாகிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம் என்றால், பல் டாக்டர் பஸ்ஸை முந்தத் துணியாமல் அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகு இறங்கினேன். நடந்து திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

வழியெல்லாம் அந்த மகனை நினைத்துக்கொண்டு வந்தேன். போன வருடம் எனக்கு வண்டியை விற்றவன் அவன்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் வீடு திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றான். ஒரே ஒரு சாவிதான் கொடுத்தான். இன்னொன்று தொலைந்துவிட்டதாம். டாங்கில் என்ன நசுங்கல் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

கார்புரேட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதும் அன்றிலிருந்து என் பாடு.

பக்கத்துத் தெரு நிழலில் வண்டி நான் விட்ட இடத்திலேயே, விட்ட சாய்வில், விட்ட திசையைப் பார்த்தபடி நின்றது. யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். உதைப்பதற்குக் காலைத் தூக்கும்போது சைலன்ஸர் கணுக்காலைச் சுட்டது.