இருபதாவது கட்டம்

என் மனைவி சோபாவிலிருந்து எழுந்தாள். கூடவே போர்வையும் எழுந்தது.

போர்வையின் மறுமுனை என் மடியில் கிடந்ததால் நானும் பாதி எழுந்தேன்.

மூன்று மாதமாக நான் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத் துணிப் போர்வை அது. அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே கட்டம் கட்டமாகப் பழைய துணிகள். மூன்றையும் சேர்த்துக் கையால் தைக்க வேண்டும்.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தி ஓய்வுபெற்றவனுக்கு ஊசி புதிது. நூலகத்து மாடியில் சனிக்கிழமை வகுப்பு; பதினான்கு பெண்களும் நானும். முதல் நாள் என் தையலைப் பார்த்த ஆசிரியை, "எல்லாம் வலப்பக்கமா சாயுது சார். பரவாயில்லை, ஒரே பக்கமா சாயுது" என்றார்.

அதுவரை எங்கள் வீட்டில் ஊசி என்றால் என் மனைவியுடையதுதான். அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். நூல் கோத்த ஊசி ஒன்று அவள் சீருடைக் காலருக்கு அடியில் எப்போதும் செருகியிருக்கும், வழியில் பொத்தான் அறுந்தால் ஆகும் என்று. எந்த நிறச் சட்டையானாலும் கறுப்பு நூல்தான். இரட்டையாகப் போட்டுத்தான் தைப்பாள்.

மகள் சொந்தமாக வீடு வாங்கியிருந்தாள். எங்கள் இருவர் பக்கத்திலும் சொந்த வீட்டுச் சாவியைக் கையில் பிடித்த முதல் ஆள். மறுநாள் குடிபோகிறாள். போர்வை அவளுக்குத்தான்.

இருபது கட்டங்கள். பிறந்த அன்று அவளைச் சுற்றிவைத்த துண்டு. பள்ளிச் சீருடை. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்த பேன்ட். முதல் சம்பளத்தில் அவள் எனக்கு வாங்கித் தந்த, எனக்கு ஒருநாளும் பற்றாத சட்டை.

பத்தொன்பது நிரம்பிவிட்டன. இருபதாவது அவள் அம்மாவுடையது. அது வெறும் வெள்ளைத் துணியாகவே இருந்தது.

"இந்த வீட்ல இல்லாத இடமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, அந்த வீட்டைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டாள் என் மனைவி. போய்ப் பார்க்கவுமில்லை. நான் துணி கேட்டபோதெல்லாம், "ஒரு நூல்கூடத் தர மாட்டேன்" என்பாள். சொன்னால் சொன்னதுதான். குறுகலான தெருவில் எதிரே வந்த லாரிக்காரனுக்கு வழி விட மாட்டேன் என்று, நாற்பது பயணிகளோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவள்.

மகளும் அதே ரகம். "அந்தக் கட்டம் வெள்ளையாவே இருக்கட்டும்பா" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மதியம், இரண்டு நடைகளுக்கு நடுவே வீட்டுக்கு வந்த மனைவி, கருநீலச் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நான் வெள்ளைக் கட்டத்தின் ஓரத்தில் கடைசி வரிசையைத் தொடங்கியிருந்தேன்.

"கண்ணாடி இல்லாமலா தைக்கிறீங்க? உள்ள போய் எடுத்துட்டு வாங்க."

மேசை, அலமாரி, குளியலறை வரை தேடினேன். திரும்பி வந்து பார்த்தால் சோபாவின் கைப்பிடியில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

பிறகு அரை மணி நேரம் அவள் அசையவே இல்லை. ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறெங்கும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராதவள். ஊசி கொஞ்சம் முரண்டு பிடித்தது. அந்த இடத்தில் பஞ்சு அதிகமோ என்று நினைத்தேன்.

முடிச்சுப் போட்டு நூலை அறுத்தேன். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

போர்வையைத் திருப்பினேன். வெள்ளைக் கட்டத்துக்கு நேர் பின்னால், அவள் சட்டையின் நுனி என் சாய்ந்த தையல்களுக்குள் அகப்பட்டிருந்தது.

"ஏய், இங்க வந்து பாருடி!" மூன்று மாதத்தில் மகளை அவள் வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஆயுசு பூரா அடுத்தவன் பிழையைத் திருத்தின மனுஷன், பொண்டாட்டியையே போர்வையோட சேர்த்துத் தைச்சு வெச்சிருக்காரு!"

மகள் ஓடி வந்தாள். பார்த்தாள். கட்டிவைத்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, பெட்டி அமுங்க அமுங்கச் சிரித்தாள்.

நான் தையலைப் பிரிக்கக் குனிந்தேன்.

"பிரிச்சுக்கிட்டு இருந்தா நாலு மணி வண்டியை யார் எடுக்கறது? வெட்டுங்க. டிப்போல கேட்டா எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொய்யும் இல்லையே."

மகள்தான் வெட்டினாள். உள்ளங்கை அகலத் துண்டு.

சட்டையில் அந்த ஓட்டையோடு என் மனைவி அன்று மாலை முழுவதும் வண்டி ஓட்டினாள். மறுநாள் புது வீட்டில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, காற்று வரும் என்று ஒப்புக்கொண்டாள்.

பார்ப்பவர்களிடமெல்லாம் என் பிழையைப் பதினோரு வருடம் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன்.

போன மாதம், அவள் இல்லாத முதல் குளிர்காலத்தில், மகள் போர்வையைக் கொண்டுவந்தாள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையை முழுவதும் பிரித்தேன். என் வெள்ளை நூல் கையோடு வந்தது.

நீலத் துண்டு விழவில்லை.

விளக்கருகே கொண்டுபோனேன். கருநீலத்தில் கண்ணுக்கே தெரியாதபடி, அடித்துணியோடு சேர்த்து நான்கு தையல்கள். ஒன்றுகூடச் சாயவில்லை.

கறுப்பு நூல். இரட்டையாக.