கடைசி இரண்டு படிகள்

"கால் உடைஞ்சா முழுப் பணமும் திரும்பி வந்துடுமாம்மா?"

இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருந்தன.

"யார் கால் ஆன்ட்டி?"

"யார் காலா இருந்தா என்ன? ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர்ல யாருக்கு அடிபட்டாலும் ரெண்டு டிக்கெட் பணமும் வந்துடும். அங்கிள் எல்லாத்தையும் விசாரிச்சு, பெரிய பாலிசியாத்தான் எடுத்திருக்கார். ஆனா விபத்தா இருக்கணும். வேணும்னு பண்ணிக்கிட்டா ஒண்ணும் வராது."

"நல்லா இருக்கே! வேணும்னு யாராவது காலை உடைச்சுப்பாங்களா?" என்று சிரித்தபடி எழுந்தாள்.

அவளுடைய கணவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்காவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்று, அவருடைய லீவு ரத்தாகும்போதெல்லாம், "ரிட்டயர் ஆகட்டும், உன்னைக் கப்பல்ல ஏத்தி உலகத்தையே சுத்திக் காட்டறேன்" என்பார். அவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டி வைத்தாள். அந்தப் பாழாய்ப்போன தலையாட்டல் நான்கு மாதப் பயணமாக வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அக்காவோடு ஒருமுறை பூங்கா ஏரியில் படகில் ஏறி, கரை வந்து சேர்வதற்குள் குடலே வெளியே வந்துவிட்டது. அந்தக் கதை அவருக்குத் தெரியாது. இப்போது சொல்லலாம் என்றால், மனிதர் உறவில் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லி முடித்துவிட்டார். கப்பல் ஏறாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

அதைவிட, அவர் முகம். உலக வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்து, "இங்கே இறங்கறோம், இங்கே தங்கறோம்" என்று விரலை ஓட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆசை ஆசையாக ஒரு மனிதன் கட்டிய கோட்டையைச் சொந்தப் பெண்டாட்டியே இடிப்பதா?

மறுநாள் காலை, அவர் மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாளியில் சோப்பைக் கரைத்து, மாடிப்படியின் கடைசி இரண்டு படிகளில் ஊற்றினாள். அதில் உட்கார்ந்தாற்போல் சறுக்கி, 'ஐயோ' என்று ஒரு கத்துக் கத்தினால் போதும்.

ஆனால் வலிக்குமே! கீழே போட்டுக்கொள்ள ஒரு தலையணை எடுத்துவர அறைக்குள் போனாள்.

தடால் என்று ஒரு சத்தம் கேட்டது.

தலையணையோடு ஓடிவந்தாள். படிக்கட்டின் கீழே அவர் காலைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தார். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

அவருடைய மூக்குக்கண்ணாடி மாடிப்படி ஜன்னல் விளிம்பில் மடித்துவைத்தபடி இருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் சோப்பு நுரையாவது தெரிந்திருக்குமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தடுக்கி விழாத மனுஷன்! ஆம்புலன்ஸ் வருவதற்குள் படியைத் துடைத்துவிட்டாள். அப்படித் துடைத்ததை நினைத்தால் இன்னும் கேவலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்றார்கள். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தபின், அவள் அவருக்குச் சோறு ஊட்டாத குறை. அவர் "வலி பரவாயில்லைம்மா" என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சுவரைப் பார்த்தபடி அவர் பெருமூச்சு விட்டால், கடலைத்தான் நினைக்கிறார் என்று அடுப்படியில் போய் அழுதாள்.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அதிகாரி வந்தார்.

"எப்படி விழுந்தீங்க சார்? படியில தண்ணி, எண்ணெய் ஏதாவது கொட்டியிருந்துதா?"

அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சார். முழுக்க என் தப்புதான். பாவம், வீட்டுல யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் கணவர்.

அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணம் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பினார். படியை அவள் துடைத்ததைக் கணவர் பார்த்திருக்க வேண்டும். தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை! இந்த நல்ல மனசுக்கா துரோகம் செய்தோம் என்று அவள் உடைந்துபோனாள்.

"என்னங்க, என்னை மன்னிச்சுடுங்க. படியில சோப்புத் தண்ணி ஊத்தினது நான்தான். நான் விழலாம்னுதான் ஊத்தினேன். எனக்குத் தண்ணியில போனாலே குடலைப் புரட்டும், அதை உங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்லை. உங்க காலையும் உடைச்சு, உங்க ஆசையிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!"

அவர் திகைத்துப்போய் அவளையே பார்த்தார்.

"சோப்புத் தண்ணியா?"

"ஆமாங்க."

"அவர் போயிட்டாரா பாரு. கதவைச் சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"நான் வழுக்கி விழலைம்மா. குதிச்சேன்."