அடிக்குறிப்பில் குடியேறிய வாக்கியங்கள்

"என் கட்டுரையை என்ன கதி பண்ணி வெச்சிருக்கே, டோபின்?"

சட்டக் கல்லூரி ஆய்விதழின் அறைக்குள் ஆவேசமாக நுழைந்தாள் ரோஸ்லின். அவள் அங்கே உதவிப் பேராசிரியை. டோபின் அவளிடமே படிக்கும் மாணவன். ஆனால் ஆய்விதழுக்கு அவன்தான் ஆசிரியர். எந்தப் பேராசிரியர் எழுதினாலும் அவன் பேனாவுக்குத் தப்ப முடியாது.

"ஏன் புரொபசர், என்னாச்சு?"

"வீட்டைக் காலி பண்ணுன்னு கோர்ட் சொன்ன அன்னிக்கும் அந்த வாடகைக்காரம்மா செடிக்குத் தண்ணி ஊத்தினாங்கன்னு எழுதியிருந்தேனே, அது எங்கே?"

"நாற்பத்தோராவது அடிக்குறிப்புல."

"சாவியைத் திருப்பிக் கொடுக்கறப்போ கை நடுங்கினது?"

"அறுபத்து மூணுல."

"ராப்பகலா செதுக்கினதெல்லாம் எறும்பு சைஸ் எழுத்துல! மேலே இருக்கறது வெறும் சக்கை!"

"சட்டக் கட்டுரை வறட்சியாத்தான் இருக்கணும், புரொபசர்" என்றான் டோபின், கொஞ்சமும் அசராமல்.

இந்த வயதில் இவ்வளவு கல்நெஞ்சா! ரோஸ்லினுக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டுரையைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அவள் வேலையை நிரந்தரமாக்குவதா என்று வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. கட்டுரை இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போன கட்டுரையையே குழுத் தலைவர் வின்த்ராப், "இது சட்டமா, நாவலா?" என்று கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வின்த்ராப்பே தேடி வந்து கைகுலுக்கினார்.

"இப்பத்தான் உருப்படியா எழுதியிருக்கே, ரோஸ்லின். கதை இல்லை, கண்ணீர் இல்லை. வேலை உனக்குத்தான்! இருநூறு அடிக்குறிப்பையும் ஒண்ணு விடாம படிச்சேன். என்ன உழைப்பு!"

ரோஸ்லின் நேரே டோபினிடம் ஓடினாள்.

"வேலை கிடைச்சிடுச்சு! ஆனா வின்த்ராப் அடிக்குறிப்பையெல்லாம் ஒண்ணு விடாம படிச்சாராமே, அப்புறம் எப்படிக் கோபம் வரலை?"

டோபின் சிரித்தான்.

"போன வருஷம் அவரோட கட்டுரையில ஒரு அடிக்குறிப்புக்குப் பதிலா எங்கம்மாவோட 'ஆப்பிள் பை' பலகாரச் செய்முறையைச் சொருகி அனுப்பினேன். 'அனைத்தும் சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டார். அச்சுக்குப் போறதுக்குள்ள நானேதான் எடுத்தேன். அதான் புரொபசர், உங்க நல்ல வாக்கியத்தையெல்லாம் அவர் எட்டிக்கூடப் பார்க்காத இடமாப் பார்த்துக் குடிவெச்சேன்!"