எத்தனை விரல்

இந்தத் தடவை பதில் அவர் வாயாலேயே வந்துவிடட்டும், தெரியவில்லை என்றாவது வரட்டும் என்று அவள் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மங்கலாகத் தெரியும் மற்றக் கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்திருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்த கண்கள் எப்படித் தேறுகின்றன என்று ஆராயும் இளம் டாக்டர், ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று விரல்களை நீட்டுகிறாள். "எத்தனைங்கய்யா?" அவர் விரல்களைப் பார்க்காமல் குரல் வந்த பக்கம் சிரிக்கிறார். "இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார வச்சிட்டியேம்மா!" டாக்டரும் சிரிக்கிறாள். "போன தடவை டக்டக்குனு சொன்னீங்களே. இன்னிக்கும் அப்படிச் சொன்னா மருந்தையே நிறுத்திடலாம்." போன தடவை சொன்னது அவரல்ல, பின்னால் உட்கார்ந்து அவர் உள்ளங்கையில் தட்டிய இவள் விரல்தான். "அந்த டாக்டர் பொண்ணு ராப்பகலா பாடுபட்டிருக்கு, தெரியலைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று அன்று வீட்டில் கேட்டவர், அதன்பிறகு தண்ணீர் டம்ளரைக்கூடத் தடவித்தான் எடுக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. டாக்டரின் விரல்கள் பொறுமையாகக் காத்திருக்கின்றன. நாற்காலிக்குப் பின்னால் அவருடைய இடது கை மெல்ல இறங்கி, பாக்கிச் சில்லறைக்கு நீட்டிய கைபோல அவள் முழங்காலருகே விரிகிறது. சுண்டுவிரல் ஒருமுறை துடித்து அவளை அவசரப்படுத்துகிறது. அவள் அந்தக் கையைப் பார்க்கிறாள். வேர்த்திருக்கிறது. சொட்டு மருந்துக் குப்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, மடியிலிருந்து கைகளை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.