தேத்தண்ணிப் பொருத்தம்

விடிந்ததும் தங்கவேலு அடுப்பை மூட்டினான், தேநீருக்குக் கேத்தலை ஏற்றினான், இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தான்.

“எனக்குச் செவ்வாய், நெருப்பு. உனக்குச் சுக்கிரன், தண்ணி. ஒத்துவராதுன்னு சாத்திரி சொன்னாரே,” என்றான்.

“ரெண்டும் சேராம ஏதுங்க தேத்தண்ணி?” ஆவிக்கு அப்பாலிருந்து மருதாயி சிரித்தாள்.

புசல்லாவையிலிருந்து வந்திருந்த அத்தை உள்ளே வந்து ஒரு சாதகத்தை நீட்டினாள். “இந்தப் பொண்ணுக்கும் செவ்வாய்தாம்ப்பா. நெருப்புக்கு நெருப்பு பொருத்தமாம். எத்தனை நாளைக்கு ரெண்டு கோப்பையில ஊத்தி வச்சிக்கிட்டு தனியாப் பேசிக்கிட்டு இருப்ப? மலேரியாவுல மருதாயி போயி வருசமாச்சு.”

தங்கவேலு சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

தேத்தண்ணிப் பேச்சு அவனாகக் கட்டியது. அது அவனுக்கே தெரியும். காய்ச்சலில் கிடந்த அந்தக் கடைசிக் காலையில் மருதாயி உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

“அடுப்பு அணையுதுங்க. பாத்துக்கங்க.”