மூக்குத்தி வரை ஜூம்

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: மயிலம்மாள், மகன் தேவன், மருமகள் ஷாமினி. மலேசியாவின் கோலா சாவா தோட்ட வீட்டைக் காலி செய்யும் நாள் அது. சாமான்கள் லாரியில் போய்விட்டன. போன வருடம் இறந்த மயிலம்மாளின் கணவர் அமிர்தலிங்கத்தின் வீடியோ கேமரா மட்டும் மிச்சம்.

தோட்டத்துக் கல்யாணங்களை எடுத்தவர் அவர்தான். தாலி கட்டும் நேரத்திலும் அவர் கேமரா கூட்டத்தில் மனைவியைத் தேடிப் போய், மூக்குத்தி வரை ஜூம் செய்யும். திட்டு வாங்காத கல்யாணம் இல்லை.

வீட்டை ஒருமுறை தானே எடுக்க வேண்டும் என்றாள் மயிலம்மாள்.

"செவப்பு பட்டன அமுக்குனா ஓடும் அத்தை. திரும்ப அமுக்குனா நிக்கும். ஈஸிலா," என்றாள் ஷாமினி.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். மயிலம்மாள் கேமராவை நிறுத்தவே மறந்திருந்தாள். ஜன்னலில் வைத்த கேமரா, மூவரும் தரையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றதையும் எடுத்திருந்தது. படம் மெதுவாக மயிலம்மாளை நெருங்கி, மூக்குத்தி முன்பு இருந்த இடத்தில் நின்றது.

"யாரும்மா ஜூம் பண்ணா?" என்றான் தேவன்.

"வேற யாருக்குடா இந்தப் பழக்கம்?"

தேவனும் ஷாமினியும் காருக்குப் போனார்கள். மயிலம்மாள் வெளியே நின்று, காலி வீட்டுக்குள் பார்த்தபடி கதவைத் திறந்து பிடித்தாள்.

"சட்டுனு வாங்க. நாளைக்கு வீட்ட இடிச்சிருவாங்க."

ஓர் ஆள் வாசலைத் தாண்டும் நேரம் பொறுத்திருந்தாள். பிறகுதான் கதவைச் சாத்திப் பூட்டினாள்.